கட்டத்துக்குள் குட்டிக் கோடு: ஸ்பார்க்லைன் பற்றி மலையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் சிறு தேயிலை விவசாயிக் குழுக்களுக்கும், காட்டேஜ்காரர்களுக்கும், கேரட், முட்டைகோஸ் போடுகிறவர்களுக்கும் எக்செல் கணக்கு போட்டுக் கொடுப்பது என் வேலை. மாத ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடு வைப்பேன். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஏறக்குறைய ஒன்றேதான். போனில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்காமல் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதிலில் வரும் கிலோ, ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்குவதற்காகப் போட்டவை. மெனு பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும்.

1. பேருக்குப் பக்கத்துல புழு மாதிரி ஒரு கோடு நெளியுதே, அது என்னங்க?

அதுதான் ஸ்பார்க்லைன். ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிற வரைபடம். தலைப்பு இருக்காது, ஓரத்தில் எண் இருக்காது, கட்டக் கோடுகளும் இருக்காது. ஜனவரி முதல் டிசம்பர் வரை நீங்கள் ஃபேக்டரிக்குப் போட்ட கொழுந்து 12 எண்களாக ஒரு வரிசையில் இருக்கிறது. அந்த 12 எண்களையும் புள்ளிகளாக்கிச் சேர்த்தால் வருவது அந்தக் கோடு. எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்காமலே வருஷம் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்.

பெயர் வைத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி. எக்செலில் இது 2010 பதிப்பில்தான் வந்தது.

2. அதான் பெரிய சார்ட் இருக்கே, இது எதுக்கு?

ஒரே ஒரு தோட்டத்தின் கணக்கு என்றால் பெரிய சார்ட்டே போடுங்கள், அதுதான் நல்லது. குழுவில் 60 பேர் இருந்தால்தான் சிக்கல். 60 சார்ட் போட்டால் யாரும் புரட்ட மாட்டார்கள். 60 கோட்டையும் ஒரே சார்ட்டில் போட்டால் எது யாருடையது என்று தெரியாது. குட்டிக் கோடு என்றால் 60 பேரும் ஒன்றிரண்டு தாளில் அடங்கிவிடுவார்கள். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால், எல்லோருக்கும் ஏறியிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் இறங்கியிருப்பது தானாகவே கண்ணில் படும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மழை. தேவாலா, பந்தலூர், கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. இந்த ஊர்களின் மாத மழையை வரிசையாக எழுதி ஆளுக்கொரு ஸ்பார்க்லைன் வைத்துப் பாருங்கள். தேவாலாவின் மேடு நடுவில் இருக்கும், குன்னூரின் மேடு வலது பக்கம் ஒதுங்கி இருக்கும். ஊர் பெயரை மறைத்துவிட்டாலும் மழைமானி மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

3. எப்படிப் போடறது? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

ஏ பத்தியில் பெயர், பி பத்தியைக் காலியாக விடுங்கள், சி முதல் என் வரை 12 மாதம். முதல் ஆளின் எண்கள் சி2 முதல் என்2 வரை இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து, மேலே இன்சர்ட் டேபுக்குப் போய், ஸ்பார்க்லைன்ஸ் என்ற இடத்தில் லைன் என்பதை அமுக்குங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். டேட்டா ரேஞ்சில் நீங்கள் தேர்ந்தெடுத்தது இருக்கும். லொகேஷன் ரேஞ்சில் பி2 என்று கொடுத்து ஓகே. அப்புறம் பி2 கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்றவர்களுக்கும் வந்துவிடும்.

கோட்டை வலது கோடியில் வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். நான் பெயரை ஒட்டியே வைக்கிறேன். பெயரையும் கோட்டையும் சேர்த்துப் பார்க்க முடியும், அதோடு 18-ம் கேள்வியில் வரும் தொல்லையும் பாதி குறையும்.

4. ஸ்பார்க்லைன் பட்டன் மங்கலா கிடக்கு, அமுக்கினா ஒண்ணும் ஆகல. சிஸ்டம் ரிப்பேரா?

சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபைல்தான் பழையது. 2003 காலத்து எக்செல் வடிவத்தில், அதாவது ஃபைல் பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ் என்று மூன்றே எழுத்தோடு முடியும் வடிவத்தில் இருந்தால் இந்த வசதி திறக்காது. மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று எழுதியிருக்கும், பாருங்கள். ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட் என்று போய்ப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யாரோ ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தாலும் இப்படி மங்கலாக இருக்கலாம்.

5. எங்கிட்ட கூகுள் ஷீட்ஸ்தான். போன்லயே பார்த்துக்கறேன். அதுல வருமா?

வரும். ஆனால் அங்கே பட்டன் கிடையாது, ஃபார்முலா. பி2-வில் =ஸ்பார்க்லைன்(சி2:என்2) என்று தட்ட வேண்டும், எல்லாம் ஆங்கில எழுத்தில். தூண் வடிவம் வேண்டும் என்றால் ரேஞ்சுக்குப் பிறகு ஒரு கமா, அப்புறம் நெளிவு அடைப்புக்குள் சார்ட்டைப், காலம்ன் என்ற இரண்டு சொற்களும் தனித்தனி மேற்கோள் குறிக்குள், நடுவில் கமா. இன்னொரு அமைப்பு சேர்ப்பதானால் அரைப்புள்ளி வைத்துத் தொடரலாம். நிறம், அதிகபட்சம், குறைந்தபட்சம் எல்லாம் இந்த நெளிவு அடைப்புக்குள்தான் போகும்.

ஃபார்முலா என்பதால் ஒரு சௌகரியம்: ரேஞ்சை ஃபார்முலாவாலேயே மாற்ற முடியும். ஒரு அசௌகரியமும் உண்டு: அமைப்புச் சொற்களில் ஒரு எழுத்து தப்பினாலும் பிழைச் செய்தியோ வேறு மாதிரிப் படமோ வந்து நிற்கும்.

6. லிப்ரே ஆபீஸ்ல?

7.4 பதிப்பில் இருந்து இருக்கிறது, 2022-இல் வந்தது. அதற்கு முந்தையது என்றால் எக்செல் ஃபைலைத் திறந்தாலும் கோடுகள் இருந்த கட்டம் வெறுமையாகத்தான் தெரியும். அப்டேட் செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது.

7. மூணு வகை காட்டுது. எதை எடுக்கறது?

கோடு, தூண், வின் லாஸ். மாதக் கணக்கு மாதிரி புள்ளி குறைவாக இருந்து, ஒவ்வொரு மாதமும் தனித்தனி அளவாக இருந்தால் தூண் போடுங்கள். மழை, கொழுந்து கிலோ, காட்டேஜில் தங்கிய ரூம் கணக்கு எல்லாம் இதில் வரும். விலை மாதிரி தொடர்ந்து ஓடுகிற விஷயத்துக்குக் கோடு. குன்னூர் தேயிலை ஏலம் வாரம்தோறும் நடக்கிறது. வருஷத்துக்கு ஐம்பதுக்குப் பக்கம் விலைகள். அதைத் தூணாகப் போட்டால் கட்டம் முழுக்கக் கறுப்பாகிவிடும், கோடாகப் போட்டால் தெளிவாக இருக்கும்.

8. அந்த வின் லாஸ் கிரிக்கெட்டுக்குத்தானே? நமக்கு எதுக்கு?

நமக்குத்தான் அது ரொம்பப் பொருந்தும். தேயிலை வாரியம் நீலகிரி பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் ஒரு விலை அறிவிக்கிறது. உங்கள் ஃபேக்டரி கொடுத்தது அதைவிடக் கூடவா குறைவா என்பதுதானே ஒவ்வொரு மாதமும் பேச்சு? ஒரு வரிசையில் அறிவித்த விலை, அடுத்த வரிசையில் உங்கள் கைக்கு வந்த விலை, மூன்றாவது வரிசையில் உங்கள் கைக்கு வந்ததில் இருந்து அறிவித்த விலையைக் கழித்தால் வரும் வித்தியாசம். மூன்றாவது வரிசைக்கு வின் லாஸ் போடுங்கள். கூட வந்த மாதம் மேலே ஒரு கட்டை, குறைந்த மாதம் கீழே ஒரு கட்டை, நெகட்டிவ் பாயிண்ட்ஸ் என்பதை டிக் செய்தால் கீழ்க்கட்டை வேறு நிறத்தில். வித்தியாசமே இல்லாத மாதம் காலியாகத் தெரியும். மீட்டிங்கில் இந்த ஒரு வரிசையைக் காட்டினால் போதும், பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. வின் லாஸில் எல்லாக் கட்டையும் ஒரே உயரம். 10 பைசா குறைந்த மாதமும் 3 ரூபாய் குறைந்த மாதமும் ஒரே மாதிரிதான் தெரியும். எத்தனை தடவை குறைந்தது என்பதற்கு இது சரியான படம். எவ்வளவு குறைந்தது என்று காட்ட வேண்டும் என்றால் அதே வித்தியாச வரிசையைத் தூண் வகையில் போடுங்கள்.

9. எனக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் கோடு ஒரே மாதிரி இருக்கு. அவரு என்னைவிட 3 மடங்கு இலை போடறாரு. இது பொய் சொல்லுதா?

எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எக்செல் ஒவ்வொரு வரிசையையும் தனியாக எடுத்து, அந்த வரிசையில் உள்ள மிகக் குறைந்த எண்ணைக் கட்டத்தின் தரையில் வைக்கிறது, மிகப் பெரிய எண்ணைக் கூரையில் வைக்கிறது. உங்களுக்கு 200 முதல் 500 கிலோ. அவருக்கு 600 முதல் 1,500 கிலோ. உங்கள் 200-ம் தரை, அவருடைய 600-ம் தரை. உங்கள் 500-ம் கூரை, அவருடைய 1,500-ம் கூரை. இடையில் ஏற்ற இறக்கம் ஒரே விகிதத்தில் இருந்தால் கோடு அச்சாக ஒன்றுபோலத்தான் வரும். ஸ்பார்க்லைன் வடிவத்தைக் காட்டும், அளவைக் காட்டாது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு ஸ்பார்க்லைனை அமுக்கி, ஸ்பார்க்லைன் டேபில் ஆக்சிஸ் என்பதைத் திறந்து, மினிமம், மேக்ஸிமம் இரண்டுக்கும் சேம் ஃபார் ஆல் ஸ்பார்க்லைன்ஸ் என்று கொடுங்கள். கூகுளில் ஒய்மின், ஒய்மேக்ஸ் என்ற அமைப்புகளுக்கு எல்லா வரிசைக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும். மேக்ஸ் ஃபார்முலாவால் மொத்தப் பட்டியலின் உச்சத்தை எடுத்துக் கொடுத்தால் கையால் மாற்றும் வேலை இல்லை.

எக்செலில் இது ஒரே குழுவாக இருக்கும் கோடுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் போட்டதும், இழுத்து நிரப்பியதும் ஒரே குழு. இன்றைக்கு நாலு, நாளைக்கு நாலு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அவை தனித்தனிக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து குரூப் கொடுத்துவிட்டு அப்புறம் ஆக்சிஸைத் தொடுங்கள்.

10. அப்போ எப்பவும் ஒரே அளவுகோலே வெச்சுட்டா சரியாப் போச்சுதானே?

இல்லை. 5 ஏக்கர்காரரும் 50 சென்ட்காரரும் ஒரே பட்டியலில் இருந்தால், சின்னவரின் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும். அவருக்கு இலை பாதியாகக் குறைந்திருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. குழுவில் உதவி தேவைப்படுவது பெரும்பாலும் அவருக்குத்தான்.

நான் செய்வது: ஒவ்வொருவருடைய மாத இலையையும் அவரவர் வருஷ சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கி வேறொரு ஷீட்டில் வைப்பேன். அப்போது எல்லோரும் 100-ஐச் சுற்றித்தான் நிற்பார்கள், ஒரே அளவுகோல் வைத்தாலும் யாரும் நசுங்க மாட்டார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் வருஷ மொத்தக் கிலோவை எண்ணாக எழுதிவிடுவேன். வடிவத்துக்குக் கோடு, அளவுக்கு எண். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத ரிப்போர்ட்டை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

11. தூண் படத்துல பிப்ரவரியைக் காணோம். நான் இலை போட்டேனே, ரசீது இருக்கே!

போட்டீர்கள், 180 கிலோ. உறைபனியிலும் அதற்குப் பின் வரும் வறட்சியிலும் இலை குறைந்ததால் அதுதான் வருஷத்தின் குறைந்த எண். 9-ல் சொன்னபடி குறைந்த எண் தரைக்குப் போய்விடும். கோட்டில் அது பள்ளமாகத் தெரியும். தூணிலோ மெல்லிய கீற்றாகி, இல்லாதது போலவே தெரியும். ஆக்சிஸில் மினிமமுக்குக் கஸ்டம் வேல்யூ என்று கொடுத்து 0 போடுங்கள், பிப்ரவரி திரும்பி வந்துவிடும்.

தூண் வகை என்றாலே 0 என்பது என் கட்டாய விதி. கோட்டுக்கு அது அவசியம் இல்லை. விலை 18-க்கும் 24-க்கும் நடுவில் ஆடுகிறது என்றால் 0-வில் தொடங்கினால் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு ஆட்டமே தெரியாது.

12. விலை ஒரு ரூபாதான் இறங்குச்சு. கோடு என்னமோ பாதாளத்துல விழுந்த மாதிரி காட்டுது. எங்க வீட்டுல பயந்துட்டாங்க.

அந்த வரிசையில் மொத்த ஆட்டமே ஒரு ரூபாய்தான் என்றால், அந்த ஒரு ரூபாய் தரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளும். காரணம் 9-ல் உள்ளதுதான். மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் நீங்களே கொடுத்துவிடுங்கள், உதாரணமாக 10-ம் 30-ம்.

கட்டத்தின் வடிவமும் இதில் விளையாடும். பத்தியை ஒடுக்கி வரிசையை உயர்த்தினால் தொட்டபெட்டா ஏற்றம் மாதிரி செங்குத்தாக நிற்கும். பத்தியை அகலப்படுத்தினால் அதே எண்கள் சமவெளியாகிவிடும். அதனால் யாராவது ஸ்பார்க்லைன் காட்டி எதையாவது விற்க வந்தால், முதலில் பத்தியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் எல்லா மாதமும் ஒரே அகலம், ஒரே உயரம் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

13. மழைக் கணக்குல ஒரே ஒரு நாள் மட்டும் கூரையைத் தொடுது, மத்த நாளெல்லாம் மழையே பெய்யாத மாதிரி இருக்கு.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டி மழை பெய்தது நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு நாள் வரிசைக்குள் இருந்தால், 5 சென்டிமீட்டர் பெய்த நல்ல மழை நாளும் கண்ணுக்குத் தெரியாது. படம் சொல்வது உண்மைதான், அந்த ஒரு நாள் அவ்வளவு பெரியது. ஆனால் மற்ற நாட்களைப் படிக்க வேண்டும் என்றால் மேக்ஸிமமுக்குக் கஸ்டம் வேல்யூ கொடுத்து 20 என்று நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போகிற தூண் கூரையில் வெட்டுப்பட்டு நிற்கும்.

வெட்டினால் சொல்லிவிட்டு வெட்டுங்கள். எக்செலில் ஸ்பார்க்லைன் கட்டத்தின் பின்னணியில்தான் இருக்கிறது, அதே கட்டத்தில் எழுத்தும் தட்டலாம். சின்ன எழுத்தில் உச்ச எண்ணை அங்கேயே எழுதிவிடுவேன். லாக், அதாவது மடக்கை, எடுத்துப் போடலாம் என்று ஒரு காலேஜ் தம்பி சொன்னார். மழையே இல்லாத நாளுக்கு 0; 0-வுக்கு லாக் கிடையாது. அதோடு, ரிப்போர்ட் வாங்குகிறவருக்கு லாக் என்றால் என்ன என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டிவரும்.

14. சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி எல்லாம் வெக்கலாமா?

ஹை பாயிண்ட், லோ பாயிண்ட், ஃபர்ஸ்ட், லாஸ்ட் என்று டிக் பெட்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் டிக் செய்து மார்க்கர்ஸையும் போட்டால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும் என்று வீட்டம்மா சொல்கிறார், அவர் சொல்வது சரி. எனக்குக் கடைசிப் புள்ளி ஒன்று போதும். இன்றைய நிலவரம் எங்கே நிற்கிறது என்பதுதான் எல்லோரும் தேடுவது.

15. அந்த மாசம் கணக்கு இல்ல. காலியா விடறதா, 0 போடறதா?

இரண்டும் வேறு வேறு. கவாத்து வெட்டியதால் அந்த மாதம் பறிக்கவே இல்லை, ஒரு கிலோகூடப் போகவில்லை என்றால் அது நிஜமான 0. மழைமானியில் தண்ணீர் அளக்கிற பையன் ஊருக்குப் போய்விட்டான், யாரும் அளக்கவில்லை என்றால் அது காலி. அங்கே 0 போட்டால் மழை பெய்யவில்லை என்று பொய்க் கணக்கு எழுதியதாகிவிடும்.

காலிக் கட்டத்தை எப்படிக் காட்டுவது என்பது எடிட் டேட்டாவுக்குக் கீழே ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. இடைவெளியாக விடலாம், 0-வாகக் கொள்ளலாம், இரு பக்கப் புள்ளிகளையும் கோட்டால் சேர்த்துவிடலாம். இடைவெளிதான் நேர்மையானது. அதே பெட்டியில் மறைத்து வைத்த பத்திகளையும் காட்டு என்று ஒரு டிக் உண்டு. பத்திகளை ஹைடு செய்ததும் கோடு காணாமல் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் அதை டிக் செய்தால் போதும்.

16. நான் பறிக்கறது 10 நாளைக்கு ஒருக்கா, சில நேரம் 20 நாள் ஆயிடும். கோடு எல்லாத்தையும் ஒரே இடைவெளில வெக்குதே?

ஆமாம், சொல்லாவிட்டால் அதற்குத் தேதி தெரியாது. மேல் வரிசையில் பறித்த தேதிகள் இருக்கட்டும். ஆக்சிஸில் டேட் ஆக்சிஸ் டைப் என்பதைத் திறந்து அந்தத் தேதி வரிசையைக் காட்டுங்கள். கூகுளில் கோடு வகைக்கு இரண்டு வரிசைகளைச் சேர்த்து ரேஞ்சாகக் கொடுத்தால் முதல் வரிசையைக் கிடைமட்ட அளவாக எடுத்துக்கொள்ளும். தேதிகள் நிஜமான தேதியாக இருக்க வேண்டும், தேதி மாதிரி தெரிகிற எழுத்தாக இருந்தால் வேலை செய்யாது. இது அடுத்த கேள்விக்கும் பொருந்தும்.

17. எண்ணெல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா கோடு வரல, இல்லன்னா தப்பா வருது.

வாட்ஸ்அப்பில் இருந்து காப்பி செய்து ஒட்டினீர்களா? பத்துக்கு ஒன்பது முறை அதுதான். 240 கிலோ என்று கட்டத்துக்குள் கிலோவையும் சேர்த்துத் தட்டினால் எக்செலுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கதி ஆகலாம். அடையாளம் சுலபம்: நீங்கள் அலைன்மென்ட்டைத் தொடாதவரை எண் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால் அதை அமுக்கி கன்வர்ட் டு நம்பர் கொடுங்கள். கிலோ, ரூபாய் என்பதெல்லாம் பத்தியின் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும்.

18. புது மாசம் சேர்த்தேன், கோடு பழைய மாசத்தோடயே நிக்குது.

நீங்கள் கொடுத்த ரேஞ்ச் பழைய மாதத்தோடு முடிகிறது, அதற்குமேல் அது பார்க்காது. சுலபமான வழி, வருஷ ஆரம்பத்திலேயே 12 மாதத்துக்கும் சேர்த்து ரேஞ்ச் கொடுத்துவிடுவது. வராத மாதங்கள் காலியாக இருக்கும், 15-ல் சொன்ன இடைவெளி அமைப்பு இருந்தால் கோடு வந்த மாதம் வரை மட்டும் ஓடி நின்றுவிடும். கோடு பெயரை ஒட்டி இருப்பதால் வலது பக்கம் எத்தனை மாதம் சேர்த்தாலும் வழியை மறிக்காது, 3-ல் சொன்னது இதைத்தான்.

எப்போதும் கடைசி 12 மாதம் மட்டும் தெரிய வேண்டும் என்றால், ரேஞ்சை நகர்த்திக் கொடுக்கும் ஆஃப்செட் ஃபார்முலா தேவை. கூகுளில் அதை ஸ்பார்க்லைனுக்குள்ளேயே எழுதலாம். எக்செலில் அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை டேட்டா ரேஞ்சில் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் செய்யலாம். 60 பேருக்கு 60 பெயர் வைப்பது வீண் வேலை. அதற்குப் பதிலாக ஜனவரியில் புது ஷீட் போட்டுக்கொள்வேன்.

19. இலை அதிகமா போட்டவங்க மேல வர்ற மாதிரி ஸார்ட் பண்ணினேன். கோடெல்லாம் ஆள் மாறிப் போயிடுச்சு!

எண்களும் கோடும் ஒரே ஷீட்டில் ஒரே வரிசையில் இருந்தால் இது நடக்காது. எண்கள் இடம் மாறும், கோடு தன் வரிசையில் இருப்பதை வரைந்துகொள்ளும். உங்கள் எண்கள் வேறு ஷீட்டில் இருக்கின்றன, பெயரும் கோடும் மட்டும் ரிப்போர்ட் ஷீட்டில். ஸார்ட் செய்ததும் பெயர்கள் நகர்ந்தன, கோடுகள் பழைய இடத்திலேயே பழைய ஆளின் எண்களைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து. எண் உள்ள ஷீட்டையே ஸார்ட் செய்யுங்கள், ரிப்போர்ட் ஷீட் அதைப் பின்தொடரட்டும்.

20. டெலீட் அடிச்சா கோடு போகல. ஒண்ணுக்கு கலர் மாத்தினா எல்லாத்துக்கும் மாறுது.

இரண்டும் ஒரே குடும்பத்துச் சங்கதி. எக்செல் ஸ்பார்க்லைன் கட்டத்துக்குள் எழுதப்பட்டது இல்லை, பின்னணியில் இருப்பது என்று 13-ல் சொன்னேன். டெலீட் எழுத்தைத்தான் அழிக்கும். வலது க்ளிக், ஸ்பார்க்லைன்ஸ், கிளியர் செலக்டட் ஸ்பார்க்லைன்ஸ். நிறம் மொத்தமாக மாறுவது அவை குழுவாக இருப்பதால். அன்குரூப் கொடுத்தால் தனித்தனியாகும். ஆனால் பொது அளவுகோலும் அதோடு போய்விடும், ஞாபகம் வையுங்கள்.

21. வேர்ட்ல ஒட்டினா கோடு மட்டும் வரல. வாட்ஸ்அப்ல எப்படி அனுப்பறது?

படமாக ஒட்ட வேண்டும். காப்பி செய்யும்போது காப்பி ஆஸ் பிக்சர் கொடுங்கள், வேர்டில் அப்படியே விழும். வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே நல்லது. ஃபைலையே அனுப்பினால் யார் போனில் எந்த ஆப் திறக்கும் என்று நமக்குத் தெரியாது. பிரிண்ட் எடுப்பதில் தொல்லை இல்லை. கறுப்பு வெள்ளைப் பிரிண்டர் என்றால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், கோட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக வைத்துக்கொள்ளுங்கள்.

22. எங்க ஆபீஸ்ல இன்னும் 2007 எக்செல்தான். ஏதாவது வழி இருக்கா?

கோடு வராது. ஒரே ஒரு எண்ணைக் கட்டையாகக் காட்ட வழி இருக்கிறது: ரெப்ட் என்ற ஃபார்முலா, ஒரு குறியை இத்தனை தடவை எழுது என்று சொல்வது. செங்குத்துக் கோட்டுக் குறியை (|), கிலோவை 10-ஆல் வகுத்த தடவை எழுதச் சொன்னால் 200 கிலோவுக்கு 20 கோடுகள் நெருக்கமாக நின்று கட்டை மாதிரி தெரியும். மாதப் போக்கு தெரியாது, ஆளுக்கு ஆள் ஒப்பிடலாம். அதே வேலையை 2007-இன் டேட்டா பார்ஸும் செய்யும்.

23. கோடு இறங்கிட்டே இருக்கு. அடுத்த மாசமும் இறங்கும்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையில் எல்லாவற்றுக்கும் சீசன் உண்டு. டிசம்பர் முதல் இலை இறங்குவதும், மழைக்குப் பிறகு ஏறுவதும் வழக்கம். கேரட் விலை மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றைக்கு எத்தனை லோடு இறங்கியது என்பதைப் பொறுத்தது, உங்கள் கோட்டுக்கு அது தெரியாது. 12 மாதத்துக்குப் பதிலாக 24 மாதம் வைத்துப் பாருங்கள், அல்லது போன வருஷக் கோட்டையும் இந்த வருஷக் கோட்டையும் ஒரே அளவுகோலில் மேலும் கீழுமாக வையுங்கள். போன ஜனவரியும் இதே மாதிரி விழுந்திருந்தால் அது சீசன். இந்த வருஷம் மட்டும் விழுந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டியது.

24. காட்டேஜ் கணக்குல மே மாசத் தூண் போன வருஷத்தைவிடக் குட்டை. ஏன்னு கோட்டுலயே காட்ட முடியுமா?

முடியாது. மே என்றால் மலர்க் கண்காட்சி, கோடை விடுமுறை, வருஷத்தின் உச்சம் அதுதான். அது குறைந்தால் எல்லோரும் காரணம் கேட்பார்கள். ஸ்பார்க்லைனில் குறிப்பு எழுத இடமில்லை, செங்குத்தாக ஒரு கோடு போட்டு இந்தத் தேதி என்று காட்டவும் வசதியில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ம் தேதி முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதி, வந்தது. 2023-ஐயும் 2024-ஐயும் ஒப்பிடுகிறவர்கள் அந்தத் தேதியைப் பக்கத்துப் பத்தியில் எழுதி வைப்பது நல்லது. இ-பாஸால்தான் குறைந்தது என்று நான் எழுத மாட்டேன். பெயிண்ட் அடிக்க நாலு ரூமைப் பூட்டி வைத்தீர்களா, ஆன்லைன் புக்கிங் நடுவில் நின்றதா என்று உங்கள் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்காகவே ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி விட்டிருக்கிறேன். பெரும்பாலோர் அதைக் காலியாகவே அனுப்புகிறார்கள். ரெண்டு வார்த்தை போதும்: கவாத்து, பனி, ரூம் பெயிண்ட், ஃபேக்டரி மாற்றினேன். தமிழிலேயே தட்டலாம், வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் நான் தட்டிக்கொள்கிறேன்.